ஒரு ஓட்டைகூட இல்லாத பெட்டி

மழைக்காலத்தில் எண்ணூர் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்கள் தண்ணீரின் ஆழத்தை முன்னால் போகும் டிரெய்லர் லாரியின் சக்கரத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். சக்கரத்தின் நடுவில் இருக்கும் போல்ட்டுகள் தெரிந்தால் போகலாம். அவை முங்கிவிட்டால் ஓரமாக ஒதுங்கி டீ குடிக்கலாம். நான் முங்கிய பிறகும் போயிருக்கிறேன். அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் இருப்புக் கொள்ளாது, யாரையாவது பிடித்து உட்கார வைத்துச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் எல்லாருக்கும் சொல்லியாகிவிட்டது. என்னைக் கண்டாலே வேறு சந்தில் திரும்பிப் போகிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

என் வேலை ஓட்டை கண்டுபிடிப்பது. சிரிக்க வேண்டாம், மாதச் சம்பளம் வாங்கும் வேலைதான். கன்டெய்னர் யார்டில் சர்வேயர். சரக்கு ஏற்றுவதற்கு முன்னால் காலிப் பெட்டிக்குள் ஏறி, கதவை வெளியே இருந்து சாத்தச் சொல்லிவிட்டு, கும்மிருட்டில் நிற்பேன். கூரையிலோ சுவரிலோ ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. சாக்பீஸால் வட்டம் போட்டு ஒட்டுப்போட அனுப்பிவிடுவேன். யார்டுக்குள் வருஷம் முழுக்கச் சேறு, வெளியே லாரிகள் தோண்டி வைத்த பள்ளம். ஸ்கூட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடுப்பொடிந்து படுத்த பிறகு, காட்டிலும் மேட்டிலும் ஓட்டுவதற்கென்று செய்த உயரமான பைக் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். முதல் நாள் அதில் ஏறுவதற்கு வீட்டு வாசற்படி தேவைப்பட்டது. இப்போது யார்டில் அந்தச் சத்தம் கேட்டாலே கேட்டைத் திறந்துவிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். கரையில் இருக்கும் நாட்களில் மற்றவர்களின் படகு எஞ்சினைப் பிரித்து மாட்டுவார், ஃபைபர் படகில் விரிசல் விட்டால் பசையும் கண்ணாடி இழைப் பாயும் வைத்து ஒட்டுப் போடுவார். அவருக்கு ஓட்டை என்றாலே ஜென்மப் பகை. பக்கெட்டில் ஓட்டை விழுந்தால்கூடத் தூக்கிப் போட விடமாட்டார், பசை தடவி அடைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். ஓட்டையைக் கண்டுபிடிக்கிற ஒருத்தியும் அதை அடைக்கிற ஒருத்தரும் ஒரே வீட்டில் இருந்தால் அந்த வீட்டுப் பைக்கின் கதி என்ன ஆகும் என்று நாங்கள் அப்போது யோசிக்கவில்லை.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் என் நாத்தனார், அவருடைய தங்கை. கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவராமல், நான் மருமகளாக வருவதற்கு முன்பே திரும்பி வந்துவிட்டவள். காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டுக்கு வேலைக்குப் போகிறாள். நாளெல்லாம் ஐஸ் தண்ணீரில் கிடந்து அவளுடைய விரல் நுனிகள் எப்போதும் ஊறிச் சுருங்கியிருக்கும். அதிகம் பேசமாட்டாள். எங்கள் வீட்டில் பேசுகிற டிபார்ட்மென்ட் என்னுடையது.

ஒருநாள் சாயங்காலம் நானும் அவளும் ரேஷன் கடையிலிருந்து வந்துகொண்டிருந்தோம். தெருமுனைக் கொட்டகையில் ஆண்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். வடசென்னையில் கேரம் போர்டு இல்லாத தெரு ஏது? ஒருவர் ஒரு காயை அடிக்க முடியாமல் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். இவள் நின்றாள். எதிர்க்கட்டையில் தட்டித் திரும்ப வைத்தால் விழும் என்று மெதுவாகச் சொன்னாள். விழுந்தால் பார்க்கலாம், நீயே வந்து அடி என்று அவர்கள் கிண்டல் பண்ணினார்கள். அவள் அரிசிப் பையைக் கீழே வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், குனிந்து ஒரு சுண்டு சுண்டினாள். காய் போய்க் கட்டையில் தட்டித் திரும்பி, யாரோ கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது போல் குழிக்குள் இறங்கியது. கிண்டல் பண்ணியவர் குனிந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார். நான் விசில் அடித்தேன்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அவள் மாவட்டத்துக்கு ஆடியவள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கல்யாணத்தோடு ஸ்ட்ரைக்கரைத் தொடுவது நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு அவளை நான் விடவில்லை. தினமும் வேலை முடிந்து வந்ததும் கொட்டகைக்குத் துரத்தினேன். திருவொற்றியூரில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கும் போட்டி நடக்கிறது என்று தெரிந்ததும் பேர் கொடுக்கச் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்துப் பெரிய பேச்சுக்குத் தயாராக இருந்தேன். அவளோ ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தாள். அவ்வளவு ஆசையா ஜெயிக்கணும்னு என்று கேட்டேன்.

"கெலிக்கிறதுக்கு இல்ல அண்ணி. இந்தக் கையி இன்னும் என்கிட்டதான் கீதா, இல்ல ஐஸ் தண்ணி துன்னுட்ச்சான்னு எனுக்குத் தெரியணும்."

எப்படியாவது அவளை அந்த போர்டுக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட வேண்டும் என்று மட்டும் மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் குப்பத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவில் ரோடே தெரியவில்லை. படகு விட ஆழம் பத்தாது, ஆட்டோ விட ஆழம் அதிகம். வெளியூர் ஆட்கள் முதல் நாளே வந்து தங்கிவிட்டதால் போட்டி நிற்காது என்று போன் வந்தது. காலையில் முதல் சுற்று. பேர் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் வாக்ஓவர், எதிராளி ஜெயித்ததாக எழுதிவிடுவார்கள். அண்ணனும் தங்கையும் என்னைப் பார்த்தார்கள். நான் பைக்கைப் பார்த்தேன்.

அந்த மாதிரி பைக்குக்கு மூச்சு சீட்டுக்கு அடியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வழியாகப் போகிறது. உள்ளே ஸ்பாஞ்சு ஃபில்டர். பெட்டியில் தண்ணீர் புகுந்து அங்கிருந்து எஞ்சினுக்குள் போய்விட்டால் வண்டி அம்பேல். காற்றை நசுக்குகிற பிஸ்டனால் தண்ணீரை நசுக்க முடியாது, உள்ளே இருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என் பைக்கை அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது அது படகாகிவிட்டது.

சாயங்காலமே சீட்டைக் கழற்றினார். பெட்டியின் பக்கவாட்டுச் சந்துகளில் பசை தோய்த்த ஃபைபர் துண்டுகளை வைத்து அடைத்தார். மூடியின் விளிம்புக்குக் கெட்டியாகக் கிரீஸ். காற்று போகும் வாயில் படகில் தண்ணீர் இறைக்கிற தடித்த குழாயைச் செருகி, அதை மேலே கொண்டுவந்து, ஹேண்டில்பாருக்குப் பக்கத்தில் முன்னால் பார்த்தமாதிரி கட்டினார். காற்று எதிரே இருந்துதானே வரும் என்றார். கடைசியாகப் பெட்டியின் அடியில் கையை விட்டுத் துழாவி, இங்கே ஒரு ஓட்டை இருக்கிறது, செய்தவன் மறந்துவிட்டான் போல என்று சொல்லி, அதற்குள்ளும் பசையைத் திணித்தார்.

அடுத்தது என் முறை. செல்போன் டார்ச்சைப் போட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடியைச் சாத்தி, வீட்டு விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னேன். யார்டில் நான் பெட்டிக்குள் நின்று பார்ப்பேன், இங்கே வெளியே நின்று பார்த்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். குழாயின் வாயில் மட்டும் வெளிச்சம். மற்றபடி ஒரு பொட்டுகூட இல்லை. அத்தனை வருஷ சர்வீசில் அப்படி ஒரு சுத்தமான பெட்டியை நான் பார்த்ததில்லை. பெருமை தாங்காமல் சாக்பீஸால் பெரிதாக ஒரு டிக் போட்டேன். சந்துக்குள் ஓட்டிப் பார்த்தோம், உறுமிக்கொண்டு ஓடியது. மூன்று பேரும் கெக்கே பிக்கே என்று சிரித்தோம்.

காலையில் அவள் கிளம்பி நின்ற கோலம் இருக்கிறதே! வலது கையைப் பாலிதீன் கவருக்குள் விட்டு மணிக்கட்டில் ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். விரல் காய வேண்டும் என்று இரண்டு நாளாக ஷெட்டுக்குப் போகாமல், வீட்டில் பாத்திரம்கூடத் தொடாமல் இருந்தவள். பின்னால் ஏறி, இடது கையால் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கட்சிக் கூட்டத்தில் கோஷம் போடுகிறவள் மாதிரி உயர்த்திக்கொண்டாள். என் வீட்டுக்காரர் கிரீஸ் கையோடு, ஒயுங்கா போய்கினு இருங்க, எங்கேயும் நிக்காதீங்க என்று தெருமுனை வரை ஓடிவந்தார்.

தண்ணீரில் ஓட்டுவதற்கு ஒரே வழிதான். முதல் கியர், ஆக்சிலேட்டரை ஒரே அளவில் முறுக்கிப் பிடிக்க வேண்டும், பயந்து விட்டுவிட்டால் முடிந்தது. முன்னால் ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அதன் போல்ட்டுகள் முங்கியிருந்தன. அது தண்ணீரை விலக்கிக்கொண்டு போன தடத்திலேயே நான் போனேன். என் முழங்காலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் விசிறி மாதிரி எழும்பியது. கடைப் படிகளில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நான் கத்தினேன். என்ன வார்த்தை என்று தெரியாது, வாய் தானாகத் திறந்துகொண்டது. பின்னால் அவளும் கத்தினாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

கடலில் தண்ணீர் கீழே இருந்து வரும். எங்கள் ரோட்டில் மேலே இருந்தும் வரும். இது என் வீட்டுக்காரரின் கணக்கில் இல்லை. எதிரே காலி டிரெய்லர் ஒன்று வேகமாக வந்தது. அது கிளப்பிய தண்ணீர் எழுந்து நின்று எங்கள் தலையில் விழுந்தது. முன்னால் பார்த்து வாயைத் திறந்துகொண்டிருந்த அந்தத் தடித்த குழாய் அதில் பாதியைக் குடித்துவிட்டது. வண்டி இரண்டு முறை இருமியது, நின்றுபோனது.

என் கட்டைவிரல் ஸ்டார்ட்டருக்குப் போய்விட்டது. அதை அழுத்தியிருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு விரலை எடுத்தேன். இரண்டு பேரும் இறங்கி, பஸ் ஸ்டாப் மேடைக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். சீட்டைக் கழற்றி மூடியைத் திறந்தால், பெட்டியில் முக்கால்வாசி தண்ணீர், ஊறிப்போன ஸ்பாஞ்சு எஞ்சினின் மூச்சை அடைத்திருந்தது. குடம் மாதிரி. ஒரு சொட்டு வெளியே போகவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடியில் இருந்த அந்த ஓட்டையைச் செய்தவன் மறந்துவிட்டு விடவில்லை, உள்ளே வருகிற தண்ணீர் வெளியே போவதற்காகத்தான் விட்டிருக்கிறான். படகைக் கரையேற்றியதும் பின்பக்கத்து அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரை வடிக்கிற மனுஷன், அதே மாதிரி ஓட்டையைப் பசை வைத்து அடைத்திருக்கிறார். நான் அதற்கு டிக் வேறு போட்டிருக்கிறேன். அவரையும் அவர் பசையையும் அந்தப் பசையை விற்ற கடையையும் சேர்த்து நான் திட்டிய திட்டில் மேடையில் ஒதுங்கியிருந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

வண்டியைக் கவிழ்த்துக் கொட்டினால் தண்ணீர் எஞ்சின் பக்கம் போய்விடும். அடைப்பை வெளியே இருந்து பிடிக்க இடமில்லை, உள்ளே இருந்துதான் எடுக்க வேண்டும். ஃபில்டரைப் பிடுங்கிவிட்டுக் கையை விட்டேன், என் கை பாதியிலேயே சிக்கிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் அவள் மணிக்கட்டு ரப்பர் பேண்டை உருவிக்கொண்டிருக்கிறாள். வேண்டாம், கிரீஸும் அழுக்கும் கலீஜ் தண்ணியுமாக இருக்கிறது, அந்தக் கையைக் கெடுத்துக்கொள்ளாதே என்று கையைப் பிடித்துத் தடுத்தேன்.

"கையி காஞ்சுரும் அண்ணி. பேர ரெண்டாவது தபா கூப்ட மாட்டாங்கோ."

ஒல்லியான அந்த விரல்கள் பெட்டிக்குள் போயின. அவள் உள்ளே பார்க்கவில்லை, எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு தடவினாள். மழை ஈரத்தில் பசை உள்ளே சரியாக இறுகாமல் ரப்பர் மாதிரி இருந்திருக்கிறது. நகத்தால் கிளப்பி, இறாலின் குடல் நரம்பை இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பில் முழுசாக வெளியே எடுத்தாள். பெட்டியிலிருந்து தண்ணீர் கொடகொடவென்று கொட்டியது. நான் ஃபில்டரைத் துணி பிழிகிற மாதிரி பிழிந்தேன், துப்பட்டாவால் பெட்டியைத் துடைத்தேன், மேல்பக்கம் இருந்த, எஞ்சினுக்குப் போகும் வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. குழாயின் வாயைப் பின்பக்கமாகத் திருப்பி அவளுடைய ரப்பர் பேண்டாலேயே கட்டினேன். ஸ்டார்ட்டரை அழுத்தினேன். வண்டி முதலில் முனகியது, பிறகு பிடித்துக்கொண்டது. பஸ் ஸ்டாப்பே ஓவென்று கூச்சல் போட்டது.

போட்டி நடந்த மண்டபத்தின் வாசலில் நான் வண்டியை நிறுத்துவதற்குள் அவள் குதித்து ஓடினாள். நான் சொட்டச் சொட்ட உள்ளே போனபோது அவள் போர்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். எதிர் நாற்காலி காலி. ஆட வேண்டிய பெண் கொடுங்கையூரில் இருந்து வருகிறவளாம், மாநில அளவில் ஆடியவளாம். அவள் வந்த பஸ் தண்டையார்பேட்டை தாண்டித் தண்ணீரில் நின்றுவிட்டதென்று போன் பண்ணியிருக்கிறாள். அம்பயர் நல்ல மனிதர். நீங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகலாம், உங்களுக்கு வாக்ஓவர் என்றார். நான் குதித்தேன். ஆடாமலே வெற்றி, அதுவும் மாநில ஆட்டக்காரியை!

அவள் கையெழுத்துப் போடவில்லை. மற்ற ஆட்டங்களை முதலில் நடத்திவிட்டு இதைக் கடைசியில் வைக்க முடியுமா என்று அம்பயரிடம் கேட்டாள். அவர் உள்ளே போய்ப் பெரியவர்களிடம் பேசிவிட்டு வந்து, நீங்கள் சம்மதித்தால் சுற்று முடியும்வரை வைத்திருக்கலாம், அதற்கு மேல் முடியாது என்றார். அவள் அந்தப் பெண்ணின் நம்பரை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அண்ணி, நீ போய் அந்தப் பொண்ண இட்டுகினு வா."

எனக்கு வந்த கோபத்தில் மண்டபம் என்றும் பார்க்கவில்லை. உனக்கு மூளை ஏதாவது குழம்பிவிட்டதா, இவ்வளவு பேஜாரு பட்டு வந்து கையில் விழுந்ததைத் தூக்கி எறிகிறாயே, அவள் வந்தால் உன்னை மூட்டை கட்டி அனுப்பிவிடுவாள் என்று பொரிந்து தள்ளினேன். அவள் நான் முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஆடாம கெலிச்சா, கையி கீதா இல்லியான்னு எனுக்கு எப்டி அண்ணி தெரியும்?"

முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினேன். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சாவியைத் திருப்பும்போது என் வாய் காதுவரை இளித்துக்கொண்டிருந்தது. எனக்கு மறுபடியும் அந்தத் தண்ணீருக்குள் போக வேண்டியிருந்தது.

இந்தத் தடவை வண்டி அற்புதமாக ஓடியது. லாரிகள் மேலே அடித்தன, குழாய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது, தப்பித்தவறி உள்ளே போன தண்ணீர் அடி ஓட்டை வழியாக ஒழுகிக்கொண்டே வந்தது. அந்தப் பெண் சாத்தியிருந்த கடை ஒன்றின் படியில், டிராக் சூட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு நின்றிருந்தாள். போட்டிக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன், உன்னோடு ஆடப் போகிறவளின் அண்ணி என்றதும் என்னையும் குழாய் கட்டிய வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது எதிராளியைப் போய்க் கூட்டிக்கொண்டு வருவார்களா, என்னைக் கடத்திக்கொண்டு போகிறாயா என்று கேட்டாள். ஏறு, போகிற வழியில் சந்தேகப்படு என்றேன். ஏறினாள். முதல் லாரி அடித்ததும் அவள் போட்ட அலறலில் என் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவளும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசி ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது உள்ளே நுழைந்தோம். என் நாத்தனாரின் விரல்களில் கிரீஸ் கறுப்பு போகவில்லை. பவுடரைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். முதல் கேமை வந்தவள் அநாயாசமாக எடுத்துக்கொண்டாள். நம்மாள் சுண்டிய காய்கள் எல்லாம் குழியின் உதட்டில் போய் நின்றன. எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. நானே போய்க் கூட்டிக்கொண்டு வந்தேனே என்று என் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டாவது கேமில் ஒரு கட்டத்தில் அவள் கண்ணை மூடித் திறந்தாள். அதற்குப் பிறகு சத்தமே மாறிவிட்டது. டக், டக் என்று சின்னச் சத்தங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு காய் உள்ளே. அந்த கேம் அவளுக்கு. மூன்றாவதில் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டே வந்தார்கள், சுற்றி நின்றவர்கள் நெருங்கி நெருங்கி அம்பயர் விலகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சிவப்புக் காயை அவள் எதிர்க்கட்டையில் தட்டித் திருப்பி உள்ளே இறக்கினாள், அதைத் தொடர்ந்து போட வேண்டிய காயையும் போட்டாள். ஆட்டம் முடிந்தது. நான் முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்திருக்கிறேன் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. மத்தியானம் அடுத்த சுற்றில் அவள் தோற்றாள், அதையும் மறைப்பதற்கில்லை. அதைப் பற்றி அவள் அலட்டிக்கொள்ளவில்லை.

அந்த முதல் ஆட்டம் முடிந்ததுமே கொடுங்கையூர்ப் பெண் எழுந்து கை கொடுத்தாள். கொடுத்த கையை விடவில்லை. திருப்பி, கறை படிந்த அந்த விரல் நுனிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"இத்தினி வருசமா எங்கமே இருந்த நீ?"

"வூட்லதான் இருந்தேன்" என்றாள் என் நாத்தனார்.

விலாசம் சொல்வதுபோல அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது சாதாரணமாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில்தானே நானும் இருந்தேன்.